பதினான்காவது நிமிடம்

பிஸ்கட்டவே,
நியூ ஜெர்சி,
8 ஜனவரி 2025

பத்ரிக்கு,

ஆசீர்வாதம் சொல்லாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்பதால் சொல்கிறேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பெருமாள் சந்நிதியில் நின்று, இனி உன் குரலைக் கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். நான் பெற்ற பெண்ணை, நானும் இவரும் இல்லாத இடத்தில், லிவர்மோர் கோயிலில் நீ தாரைவார்த்துக் கொடுத்தாய். அனன்யா கேட்டாள், செய்தேன் என்பாய். குழந்தை நெருப்பைக் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவாயா? குரலைக் கேட்க மாட்டேன் என்றுதான் சொன்னேனே தவிர, கையெழுத்தைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை. இதில் வாக்குக்குப் பங்கமில்லை என்று நிச்சயமான பிறகுதான் பேனாவை எடுத்தேன். வாட்ஸ்அப்பில் எழுதலாமே என்று கேட்காதே. அதில் விரல் தவறிப் பட்டால் உன் குரல் வந்துவிடும்.

விஷயம் மாப்பிள்ளையைப் பற்றியது. கல்யாணத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை என்பது உலகத்துக்கே தெரியும். ஆனால் போன கோடையில் தாரியுஸ் இங்கே வந்து பத்து நாள் இருந்தார். ஆறடி ஒன்பது அங்குல மனிதர் என் சமையலறையில் தலை குனிந்து நின்று, அனன்யா சொல்லிக்கொடுத்த தமிழில், "அம்மா, நான் சாதம் போடட்டுமா?" என்று கேட்டால் எத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க முடியும்? அவர்கள் லித்துவேனியாவில் கூடைப்பந்துதான் இரண்டாவது மதமாம். அப்பா ஹாமில்டனுக்குக் குடிபெயர்ந்து, பனி தள்ளும் வண்டி ஓட்டிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் முடிந்ததும் பிள்ளையைப் பந்தோடு கொண்டு போய் விடுவாராம். மதம் என்று சொன்ன பிறகு நான் அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது சரியில்லை. நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்துப் படித்தேன். மிச்சத்தை யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

இப்போது அவர் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நோட்டுப் போடுகிறேன். இடது பக்கம் வரவு: புள்ளி, வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்ட், மற்றவனுக்குக் கொடுத்த பந்து. வலது பக்கம் செலவு: விழுந்தது, தோற்றது, முட்டியில் கை வைத்து மூச்சு வாங்கியது. டிசம்பர் நாலாம் தேதியிலிருந்து செலவுப் பக்கத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது. களத்தில் இறங்கிப் பதினான்கு நிமிஷம் ஆடியதும், குனிந்து இடது கெண்டைக்காலைப் பிடிக்கிறார். பதிமூன்று இல்லை, பதினைந்து இல்லை. ஒன்பது ஆட்டத்தில் ஏழு ஆட்டம்.

அனன்யாவிடம் கேட்டால், "அம்மா, ஹி இஸ் ஃபைன், ஸ்டாப் வாட்சிங் ஹிம் லைக் தட்" என்கிறாள். இவர் முழங்கால் ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறார், நான் நகர முடியாது. நீ மேற்குக் கரையில், அவர்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷ தூரத்தில் இருக்கிறாய். மருந்தாளுநன் வேறு. சாப்பிடக் கூப்பிட்டு ஒரு தடவை பார்.

ருக்மிணி

*

பிளசன்டன்,
20 ஜனவரி 2025

அக்காவுக்கு நமஸ்காரம்.

இரண்டு வருஷம் கழித்து உன் கையெழுத்தில் கவர் வந்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து உட்கார்ந்துகொண்டேன். திட்டுதான் என்று தெரிந்த பிறகு காபி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தேன்.

தாரைவார்த்ததைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. முகூர்த்தத்துக்கு முன்னால் உன்னை மூன்று தடவை போனில் கூப்பிட்டேன். மூன்று தடவையும் நீ அத்திம்பேரிடம் கொடுத்தாய். அவர், "ருக்கு கோயிலுக்குப் போயிருக்கா" என்றார். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

போன புதன்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். அவன் நன்றாகச் சாப்பிட்டான். சாப்பிட்டு எழுந்தவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். "என்னடா?" என்றேன். "கால் தூங்கிடுச்சு, மாமா" என்று சிரித்தான். சும்மா விளையாட்டுக்குப் போல ரத்த அழுத்தம் பார்த்தேன். நூற்று ஐம்பத்தெட்டு. இருபத்தேழு வயதில், தினம் மூன்று மணி நேரம் ஓடுகிறவனுக்கு அது வரக் கூடாத எண். "டென்ஷன்" என்கிறாள் உன் பெண். இருக்கலாம். அவன் நிலைமையை நினைத்துப் பார். நியூ ஜெர்சியில் கல்லூரி அணியில் ராஜா மாதிரி ஆடினான். பெரிய அணிகள் ஆள் எடுத்த அன்று ஒருவரும் பெயர் சொல்லவில்லை. லித்துவேனியாவில் இரண்டு வருஷம் குளிரில் ஆடினான். அப்புறம் இங்கே வந்து இரண்டாம் நிலை அணியில், பாதி காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தான்.

மருந்து, சத்து மாவு, ஜிம் பொடி ஏதாவது சாப்பிடுகிறாயா என்று நேராகவே கேட்டேன். "நோ மெடிசின், மாமா" என்றான். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, என் பூஜை ஷெல்ஃபைப் பார்த்தான். பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு செய்தி. அனன்யா சொல்லியிருப்பாள், இருந்தாலும் எழுதுகிறேன். டெக்சஸில் பெரிய அணி ஒன்றிலிருந்து அழைப்பு. பத்து நாள் ஒப்பந்தம். பத்து நாள் பார்ப்பார்கள், பிடித்தால் இன்னொரு பத்து நாள். அதற்கு மேல், ஒன்று சீசன் முழுக்க எடுக்க வேண்டும், இல்லை அனுப்பிவிட வேண்டும். நேற்றுக் காலை கிளம்பிவிட்டான். இருபது நாளும் கால் வலி என்று வாயைத் திறக்க மாட்டான், எழுதி வைத்துக்கொள்.

பத்ரி

*

பிஸ்கட்டவே,
30 ஜனவரி 2025

பத்ரிக்கு,

இரண்டாவது பத்து நாளும் கொடுத்துவிட்டார்கள். பிப்ரவரி ஏழாம் தேதி வரை. நேற்று அவர் பெயர் போட்ட சட்டையோடு டிவியில் நின்றபோது நான் விளக்கேற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பதினோரு புள்ளி, எட்டு ரீபவுண்ட். இவர் கட்டிலில் படுத்தபடியே கை தட்டி, "ருக்கு, உன் மாப்பிள்ளைடி" என்றார். உன் மாப்பிள்ளையாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவர் பேசிய பேச்சு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் பதினான்காவது நிமிஷத்தில் குனிந்தார். கேமரா பந்தோடு போய்விட்டது, நான் ஓரத்தில் பார்த்தேன். எழுந்து நிற்கும்போது கெண்டைக்காலிலிருந்து கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். சட்டையைச் சரி செய்கிறவர் மாதிரி. இது மூன்றாவது தடவை. முதல் தடவை ஜனவரி பதினொன்றாம் தேதி.

ஆயிரம் பேர் கண் பட்டால் கல்லும் பிளக்கும் என்பார்கள். அரங்கத்தில் பதினெட்டாயிரம் பேர். திருஷ்டி கழிக்க, அவரோடு போயிருக்கும் அனன்யாவிடம் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றச் சொன்னேன். "அம்மா, ஹோட்டல்ல ஸ்மோக் அலாரம் அடிக்கும்" என்றாள்.

என்னால் முடிந்ததை நான் செய்துகொண்டுதான் இருக்கிறேன். அது எனக்கும் பெருமாளுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் உள்ளது. நவம்பரில் ஓயாமல் இருமிக்கொண்டிருந்தாரே, இப்போது இருமல் உண்டா? எதனால் நின்றது என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லப் போவதில்லை.

ருக்மிணி

*

டெக்சஸ், ஆஸ்பத்திரி,
8 பிப்ரவரி 2025

அக்கா,

இதை ஒரே நாளில் சேரும் தபாலில் போடுகிறேன். நீ என் போனை எடுக்கவில்லை, விட்டு வைத்த செய்தியையும் கேட்டிருக்க மாட்டாய். அனன்யா உன்னிடம் அழுததைத் தவிர வேறெதுவும் சொல்லியிருக்க மாட்டாள். அதனால் முழுசாக எழுதுகிறேன்.

புதன்கிழமை ஆட்டத்தில் மூன்றாம் பகுதி. தள்ளவில்லை, யாரும் தொடவில்லை. பந்தை வாங்கத் திரும்பினவன் அப்படியே முகம் குப்புற விழுந்தான். நாடி இல்லை. அணியின் மருத்துவர் களத்திலேயே நெஞ்சில் மின்சாரம் கொடுத்து இதயத்தைத் திருப்பி ஓட வைத்தார். இரண்டாவது தடவை கொடுத்தபோதுதான் ஓடியது. நான் வியாழக்கிழமை வந்து சேர்ந்தேன்.

இப்போது நினைவோடு இருக்கிறான். பேசுகிறான். ஆனால் அவன் ரத்தத்தில் பொட்டாசியம் பாதிதான் இருக்கிறது. இதயம் ஒழுங்காகத் துடிக்க அந்த உப்பு வேண்டும். வியர்வையில் போயிருக்கும் என்று ஏற்றினார்கள். மூன்று நாளாக ஊசி வழியாக ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள், ஓட்டைப் பானையில் ஊற்றுவது மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது. யாருக்கும் காரணம் தெரியவில்லை. காரணம் தெரியாதபோது டாக்டர்கள் இதயத்தின் மேலேயே பழியைப் போடுகிறார்கள். பிறவியிலேயே கோளாறு இருக்கலாம், வரும் புதன்கிழமை, இதயம் தடுமாறினால் தானாக மின்சாரம் கொடுக்கும் ஒரு கருவியை நெஞ்சுக்குள் வைத்துவிடலாம் என்கிறார்கள். அது வைத்துவிட்டால் உயிருக்குக் காவல். ஆனால் எந்த அணியும் அவனைத் திரும்பக் கூப்பிடாது. இருபத்தேழு வயதில் ஆட்டம் முடிந்தது. காரணம் வேறாக இருந்து, அது தொடர்ந்துகொண்டே இருந்தால், கருவியும் காப்பாற்றுமா என்று எனக்குத் தெரியாது.

அதனால் கேட்கிறேன். நாட்டு மருந்துகளில் சிலது உடம்பில் உள்ள பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியே தள்ளிவிடும். அவனிடம் நானும் கேட்டேன், டாக்டரும் கேட்டார். ஒன்றும் இல்லை என்கிறான். அனன்யாவுக்கும் தெரியவில்லை. கஷாயம், லேகியம், சூரணம், ஏதாவது நீ கொடுத்தாயா? கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். போன் பண்ணு.

பத்ரி

*

பிஸ்கட்டவே,
10 பிப்ரவரி 2025

பத்ரிக்கு,

கடிதம் கிடைத்தது. மருந்து என்று நான் அவருக்கு எதுவும் கொடுக்கவில்லை.

ஊரெல்லாம் விட்டுவிட்டு என்னிடம் ஏன் கேட்கிறாய் என்று தெரியவில்லை. அணியில் என்ன கொடுக்கிறார்கள் என்று கேள். அவர்கள் கொடுக்கும் நீல நிறத் தண்ணீரைக் கேள். நான் சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆபரேஷன் நல்லபடி நடக்கட்டும்.

ருக்மிணி

*

பிஸ்கட்டவே,
11 பிப்ரவரி 2025

பத்ரி,

நேற்று எழுதியதைக் கிழித்துப் போடு. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, அதுதான் அதிலுள்ள பாவம்.

போனில் உன்னிடம் பாதிதான் சொன்னேன். மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். டாக்டரிடம் காட்டுவதானால் காட்டு, நோட்டின் பக்கங்களையும் இதோடு வைத்திருக்கிறேன்.

நவம்பரில் அவருக்கு இருமல். அங்கே காட்டுத்தீப் புகை, அரங்கத்தில் குளிர்சாதனக் காற்று. கடையில் மருந்து வாங்கிச் சாப்பிட்டால் ஆட்டக்காரர்களைச் சோதிக்கும்போது ஏதாவது மாட்டிக்கொள்ளும் என்று பயந்தார். நான், நம் வீட்டுப் பொருள் இருக்கும்போது எதற்குப் பயம் என்றேன். அதிமதுரத்தை வெயிலில் காய வைத்து, இடித்து, சலித்து, பெருமாள் முன்னால் வைத்துப் பூஜை செய்து அனுப்பினேன். சாதாரண இருமலுக்கு மூன்று நாள் கொடுப்போம். நான் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், வேண்டிக்கொண்டேன். இருமலுக்காக இல்லை. பெரிய அணி அவரை எடுக்க வேண்டும் என்று.

அளவு நான் போட்ட கணக்கு. நம்மாத்து மனிதருக்கு ஒரு ஸ்பூன். இவர் எடை ஐம்பத்தெட்டு கிலோ, மாப்பிள்ளை நூற்றுப் பத்து. ஆகவே இரண்டு ஸ்பூன், இரண்டு வேளை. முதல் மண்டலம் நவம்பர் பத்தாம் தேதி ஆரம்பித்து டிசம்பர் இருபத்தேழில் முடிந்தது. அழைப்பு வரவில்லை. புது வருஷத்தன்று இரண்டாவது மண்டலம் ஆரம்பிக்கச் சொன்னேன். குளிர் அதிகம், ஓட்டம் அதிகம் என்று இன்னொரு ஸ்பூன் கூட்டினேன். மூன்று ஸ்பூன். இருபது நாளுக்குள் டெக்சஸ் கூப்பிட்டது. பெருமாள் கேட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

வேண்டுதல் முடியும்வரை வாயைத் திறந்து யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் பலன் போய்விடும் என்றும் நான்தான் சொன்னேன். "இது மருந்து இல்லை, பிரசாதம். யாராவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்று சொல்லலாம், அது பொய்யாகாது." இந்த வார்த்தையும் என்னுடையதுதான். நேற்று உனக்கு அதையே எழுதினேன். நான் அப்படிச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அவர் அம்மா ஏதோ சிலுவை மலைக்கு வேண்டிக்கொண்டு எட்டு வருஷம் காத்திருந்து போய் வந்தவராம். "எனக்குத் தெரியும், அம்மா. வாக்குன்னா வாக்கு" என்றார். அனன்யாவுக்கே தெரியாமல் ஷூ பைக்குள் வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்.

இன்று காலை பூஜைக்கு உட்கார்ந்தேன், மனசு நிற்கவில்லை. எழுந்து பார்சல் அனுப்பின தேதிகளையும் ஆட்ட நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பொடி ஆரம்பித்து இருபத்தைந்தாவது நாள் கெண்டைக்கால். மூன்றாவது ஸ்பூன் ஏறிப் பதினோராவது நாள் நெஞ்சில் கை. நான்தான் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்து. வலது பக்கம் முழுக்கச் செலவு எழுதினேன், யார் செலவழிக்கிறார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் அவருக்குத்தான் போன் செய்தேன். வாக்கு வாங்கினது நான், நான்தான் விடுவிக்க வேண்டும் என்று.

"மாப்பிள்ளை, அந்தப் பொடியை நிறுத்திடுங்கோ. டாக்டர்கிட்ட சொல்லிடுங்கோ" என்றேன்.

அவர் ரகசியம் போல, "அம்மா, இன்னும் ஆறு நாள் இருக்கு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்ன ஆறு நாள்?"

"நாப்பத்தெட்டுக்கு. இன்னைக்கு நாப்பத்திரெண்டு. காலைல சாப்பிட்டேன். நர்ஸ் வெளில போனப்ப." அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது, பத்ரி. பரீட்சையில் தேறின பிள்ளை மாதிரி.

அவர்கள் ஒரு கையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், நான் இன்னொரு கையால் வாரி இறைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும்.

"நான் சொன்னது தப்பு" என்றேன். அவருக்குப் புரியவில்லையோ என்று திரும்பவும் சொன்னேன். "பிரசாதம் தப்பாகுமா, அம்மா?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டு உன்னைக் கூப்பிட்டேன்.

நீ "ஹலோ" என்றதும் இரண்டு வருஷ வாக்கு போய்விட்டது. போகட்டும். "அதிமதுரம்" என்றேன். "எவ்வளவு?" என்றாய். "மூணு ஸ்பூன், ரெண்டு வேளை." நீ ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உன் செருப்புச் சத்தம் நடைபாதையில் ஓடுவது மட்டும் கேட்டது. யாரோ கதவைத் திறந்தார்கள். அனன்யாவின் குரல், "வாட்? மாமா, வாட்?" என்று. அதோடு அறுந்துபோயிற்று.

இப்போது மத்தியானம் இரண்டு மணி. நாலு மணி நேரமாக யாரும் போனை எடுக்கவில்லை. இந்தக் கடிதத்தை எழுதாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை, அதனால் எழுதினேன்.

ருக்மிணி

*

பிளசன்டன்,
17 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு நமஸ்காரம்.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் இதைக் குரலில் சொல்ல எனக்கு வரவில்லை.

அன்று அவனிடமிருந்து பொடிப் புட்டியை வாங்கி டாக்டர் கையில் கொடுத்தபோது அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "மிட்டாய் வாசனை அடிக்கிறதே" என்றார். இங்கே அதிமதுரத்தில் மிட்டாய் செய்வார்கள். உன் கடிதம் வந்ததும் உட்கார்ந்து நோட்டின் தேதிகளை முழுக்கப் பார்த்தார். கருவி வைப்பதைத் தள்ளிப் போட்டார்கள். பொட்டாசியம் சரியாவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. இதெல்லாம் உனக்குத் தெரியும். டெக்சஸ் ஒப்பந்தம் அவன் படுக்கையில் இருக்கும்போதே ஏழாம் தேதி முடிந்துபோனதும் தெரியும். வேறு யாரும் கூப்பிடவில்லை.

தெரியாதது இது. டாக்டர்கள் இரண்டு மாதிரி சொல்கிறார்கள். ஒருவர், எல்லாம் அந்தப் பொடி செய்த வேலை, நிறுத்தியாயிற்று, இதயம் சுத்தம் என்கிறார். இன்னொருவர், எத்தனையோ பேர் அதிமதுரம் சாப்பிடுகிறார்கள், எல்லோரும் விழுவதில்லை, இவன் இதயத்தில் முன்பே ஒரு மெல்லிய இடம் இருந்திருக்கலாம், பொடி அதைக் காட்டிக் கொடுத்தது என்கிறார். எந்தச் சோதனையிலும் அது தெரியவில்லை. திரும்ப ஓடிப் பார்த்தால்தான் தெரியும் என்று இருவரும் சேர்ந்து சொல்கிறார்கள்.

அனன்யாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். உன் குரலைக் கேட்க மாட்டேன் என்கிறாள். இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டாம். "கடிதம் எழுதச் சொல்லட்டுமா?" என்றேன். "எனக்குத் தமிழ் படிக்க வராது, மாமா. ஷி நோஸ் தட்" என்றாள். ஆங்கிலத்தில் எழுதப் பழகு, அக்கா. பந்தையே கற்றுக்கொண்டவள் நீ.

அவன் அப்படியில்லை. வாரம் ஒரு தடவை, "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்கிறான். போன வாரம் என்னிடம் தனியாக, "அந்த ஆறு நாள் பாக்கி இருக்கே, மாமா, அதுக்கு என்ன செய்யணும்?" என்றான். "அக்கா அதைத் தீர்த்துவிட்டாள்" என்று சொன்னேன். பொய்யானால் நீ உண்மையாக்கிவிடு.

நேற்றுக் காலை டாக்டர் அனுமதி கொடுத்து முதல் தடவையாக முழு ஓட்டம். இங்கே ஒரு பள்ளிக்கூட உள்ளரங்கம். நானும் அவனும் மட்டும். நெஞ்சில் பட்டை கட்டி, என் போனில் துடிப்பைப் பார்த்துக்கொண்டு ஓரத்தில் நின்றேன். ஓடினான், எம்பினான், பந்தைப் போட்டான். எட்டு நிமிஷம், பத்து, பன்னிரண்டு. எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஆறு மாசத்துக்கு அப்புறம் அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

பதினான்காவது நிமிஷத்தில் நின்றான். எனக்கு முதுகு காட்டித் திரும்பி, குனிந்தான்.

ஷூ கயிற்றைக் கட்டினானா, காலைப் பிடித்தானா என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. "என்னடா?" என்றேன். "ஷூ, மாமா" என்றான். எழுந்து திரும்ப ஓடினான். போனில் எண் மாறவில்லை. ஆனால் இவன் வாயால் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். டாக்டரிடம் நாளைக்குக் காட்ட வேண்டும். அடுத்த மாசம் ஒரு அணி ஆள் பார்க்க வருகிறது.

முழுவதையும் வீடியோ எடுத்திருக்கிறேன். அத்திம்பேரின் மெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன். நான் இருபது தடவை பார்த்துவிட்டேன், எனக்குத் தெரியவில்லை. உன் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பார். எந்தப் பக்கம் எழுதுகிறாய் என்று சொல்.

பத்ரி